வெளி அடுப்பு வைத்த கேம்பர் டிரெய்லர்: வாங்கலாமா?

கேம்பர் டிரெய்லர் என்றால் படுக்கையும் சமையல் மேடையும் உள்ள, வண்டிக்குப் பின்னால் இழுத்துப்போகும் சின்ன வீடு. வாங்குவதற்கு முன் ஒன்றை வாடகைக்கு எடுத்து, ஜீப்புக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு காரைக்குடி, கானாடுகாத்தான், பிள்ளையார்பட்டி என்று சுற்றிப் பார்த்தோம். படுக்கை பரவாயில்லை. சமையல் பகுதிதான் விஷயம்.

பின்கதவைத் தூக்கினால் அதுவே நிழல், கீழே இழுப்பறை மாதிரி வெளியே வரும் ஸ்டீல் மேடை, அதில் இரண்டு பர்னர் அடுப்பு. பார்க்க ஜோர். ஆனால் பர்னர்கள் ஒட்டிக்கொண்டு இருப்பதால் ஒன்றில் குக்கர் ஏறினால் பக்கத்தில் தோசைக்கல் உட்காராது, காற்றுத் தடுப்பும் பேருக்குத்தான், மாலைக் காற்றில் தீ ஒரு பக்கமாகச் சாய்ந்து சோம்பும் மிளகும் ஓரத்தில் கருக, நடுவில் பச்சையாகவே கிடந்தன. "காப்பி வேணும்னா போடலாம், கோழி வறுக்க இது ஆகாதுடா" என்றார் அப்பத்தா. மிளகாய் நெடி வெளியோடு போய்விடுவது மட்டும் பெரிய நிம்மதி.

வாங்குகிறவர்கள் சிலிண்டர் பெட்டியின் அடியில் காற்றுத் துளை இருக்கிறதா என்று குனிந்து பாருங்கள், சமையல் கேஸ் காற்றைவிடக் கனம், கசிந்தால் கீழேதான் தேங்கும். அப்புறம் தண்ணீர்த் தொட்டி. 100 லிட்டர் என்றால் 100 கிலோ, அது சக்கர அச்சுக்குப் பின்னால் இருந்து சமையல் சாமானும் பின்னாலேயே சேர்ந்தால், ஜீப்போடு மாட்டும் கொக்கியில் பாரம் குறைந்து, ஓடும்போது டிரெய்லர் இடமும் வலமுமாக வாலாட்டும். டிரெய்லரின் மொத்த எடையில் பத்தில் ஒரு பங்காவது கொக்கியில் இறங்க வேண்டும். ஆர்சி புத்தகத்தையும் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

இந்த மாடலை நான் வாங்கப் போவதில்லை. அடுப்பு பக்கவாட்டில் வருகிற வேறொன்றைப் பார்த்து வைத்திருக்கிறேன்.