காம்ப்ளின் கோல்ட் வாக்ஸ் மீடியம்: அரூப ஓவியருக்குக் கை கொடுக்கும், பயிற்சிப் பட்டறைக்கு?

எண்ணெய் வண்ணத்தோடு கலக்கும் மெழுகுப் பசை இது. மூடியைத் திறந்தால் வெள்ளைப் பசை. வாஸ்லினைவிடக் கொஞ்சம் கெட்டி. தேன்மெழுகு, அல்கிட் என்னும் செயற்கைப் பிசின், மணம் நீக்கிய மினரல் ஸ்பிரிட் என்னும் கரைப்பான், இவ்வளவுதான் உள்ளே. பெயரிலேயே 'கோல்ட்' (தங்கமல்ல, குளிர்) இருப்பதற்குக் காரணம், மெழுகை உருக்கிப் பூசும் என்காஸ்டிக் முறையைப் போல அடுப்போ ஹீட் கன்னோ இதற்கு வேண்டாம். வேண்டாம் என்பது மட்டுமல்ல, கூடவே கூடாது. உள்ளே இருப்பது எரியக்கூடிய கரைப்பான். சீக்கிரம் காயட்டும் என்று ஹேர் டிரையரைப் பிடிப்பவர்கள் பட்டறைக்குப் பட்டறை ஒருவராவது இருப்பார்கள்.

டியூப் எண்ணெய் வண்ணத்தோடு இதைக் கலந்தால் மூன்று காரியம் நடக்கும்: பளபளப்பு போய் மேட் ஆகும், கெட்டியாகிக் கத்தியின் தடத்தை அப்படியே நிறுத்திவைக்கும், மெலிதாக இழுத்தால் பனிமூட்டத்துக்குப் பின்னால் தெரிவதுபோல் கீழ் வண்ணம் தெரியும். அடுக்கிச் சுரண்டி, மறைத்து, மறுபடி தோண்டி வேலைசெய்யும் அரூப ஓவியருக்கு இந்த மூன்றாவது குணம்தான் முக்கியம். உருவம் வரைபவருக்கு இது அவ்வளவு அவசியமில்லை.

அளவு விஷயத்தில்தான் பலரும் சறுக்குகிறார்கள். மரப்பலகை அல்லது எம்டிஎஃப் பலகையில் வண்ணமும் மெழுகும் சரிபாதி போகலாம். கேன்வாஸ் என்றால் கலவையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மெழுகு வேண்டாம். துணி தளர்ந்து விறைக்கும்போது மெழுகுப் படலம் கூடவே வளையாது, விரிசல் விடும். பாதிக்கு மேல் மெழுகு போனால் பலகையிலும் பிரச்சினைதான்: வண்ணம் சுண்ணாம்பு பூசியதுபோல் வெளிறும், வாரம் போனாலும் நகம் பட்டால் பள்ளம் விழும்.

கலப்பதற்குக் கண்ணாடிப் பலகை, பாலெட் கத்தி. இரண்டையும் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து, கத்தியின் வயிற்றால் நசுக்கி இழுக்க வேண்டும். சுற்றிச் சுற்றிக் கிளறினால் வெள்ளைக் கோடுகள் உள்ளேயே தங்கி, பலகையில் இழுக்கும்போது வெளியே வரும். கத்தியைச் சட்டென்று தூக்கினால் எழும் கூம்பு சாயாமல் நிற்க வேண்டும், அதுதான் பதம். நுனி வளைந்து விழுந்தால் அந்த டியூப்பில் எண்ணெய் அதிகம். உறிஞ்சும் காகிதத்தில் வண்ணத்தைப் பத்து நிமிடம் வைத்து எடுத்துக் கலக்கலாம்.

பலகைக்கு அக்ரிலிக் ஜெஸ்ஸோ என்னும் வெள்ளை அடிப்பூச்சு மூன்று முறை, கடைசிப் பூச்சு காய்ந்ததும் 220 எண் உப்புத்தாளால் லேசாகத் தேய்ப்பு. பூசாத எம்டிஎஃப் எண்ணெயைக் குடித்துவிட்டு வண்ணத்தைப் பொடியாக விட்டுவிடும். கண்ணாடிபோல் வழவழவென்று தேய்த்துவிட்டாலோ முதல் அடுக்கு ஒட்டாமல் தோலாக உரியும். பின்பக்கமும் ஒரு பூச்சு கொடுத்தால் பலகை வளையாது.

இனி, இந்த டப்பாவுக்குக் காசு கொடுப்பது எதற்காகவோ அந்த இடம். முதல் அடுக்கை, வண்ணத்தை இழுத்துப் பரப்பும் பட்டையான சிலிகான் ஸ்க்வீஜியால் முழுப் பரப்பிலும் கால் மில்லிமீட்டர் அளவுக்கு இழுத்துவிட்ட பிறகு, ஒரே பரப்பு நேரத்துக்கு ஒரு குணம் காட்டும். முதல் ஒரு மணி நேரம் எதைச் செய்தாலும் கலங்கும், துணியால் துடைத்தால் ஜெஸ்ஸோ தெரியும். சில மணி நேரம் கழித்துக் கரைப்பான் கொஞ்சம் பறந்ததும், மேலே செய்தித்தாளை வைத்து ரப்பர் ரோலரால் உருட்டி எடுத்தால் மேல்தோல் மட்டும் காகிதத்தோடு வரும். திட்டுத்திட்டாகப் பழைய சுவர்போன்ற பரப்பு கிடைப்பது அப்போதுதான். இரண்டு மூன்று நாள் போனால் ஊசியால் கீறும் கோடு பிசிறில்லாமல் நிற்கும், சுரண்டினால் சீவலாகச் சுருண்டு வரும். அந்தக் கட்டத்தில் துணியில் ஒரு சொட்டு மினரல் ஸ்பிரிட் தொட்டு வட்டமாகத் தேய்த்தால் அடுக்கடுக்காகக் கரைந்து கீழ் வண்ணம் எட்டிப் பார்க்கும். எந்த அடுக்கில் நிறுத்துவது என்பது ஓவியரின் முடிவு. காய்ந்த அக்ரிலிக்கை மினரல் ஸ்பிரிட் இப்படிக் கரைக்காது.

மெழுகுப் பகுதி விறைப்பது கரைப்பான் ஆவியாவதால். எண்ணெய்ப் பகுதி விறைப்பது காற்றின் ஆக்சிஜனை ஏற்று. முதலாவது சீக்கிரம் முடியும், இரண்டாவது நிதானமாக நடக்கும். தொட்டால் ஒட்டவில்லை என்று நம்பி அடுத்த அடுக்கை அழுத்தி இழுத்தால் அடியில் இருப்பது கிளம்பி வந்து, நீலமும் ஆரஞ்சும் சேர்ந்து சேறாகும். விரலால் தொட்டுப் பார்ப்பது போதாது. டிஷ்யூ காகிதத்தை அழுத்தி எடுத்து, அதில் வண்ணம் ஏறவில்லை என்றால் மேலே போகலாம்.

வண்ணங்களும் ஒரே வேகத்தில் காய்வதில்லை. அம்பர் என்னும் மண்பழுப்பு வண்ணங்களும் கோபால்ட்டும் சீக்கிரம் காயும். ஐவரி பிளாக், குவினாக்ரிடோன், காட்மியம் எல்லாம் சோம்பேறிகள். அடி அடுக்கில் அம்பரை வைத்துவிட்டுக் கருப்பை மேலே கொண்டுபோவது நல்லது. வெள்ளை டியூப்பின் முதுகையும் படிக்க வேண்டும்: சாஃப்ளவர் எண்ணெயில் அரைத்தது ஆளிவிதை எண்ணெயில் அரைத்ததைவிடத் தாமதமாகக் காயும்.

பட்டறையில் இந்தப் பொருள் தடுமாறுவது இந்த இடத்தில்தான். 'இரண்டு நாளில் பத்து அடுக்கு' என்று அறிவித்துவிட்டு ஒரே பலகையைக் கையில் கொடுத்தால் அவசரக்கோலம் அள்ளித் தெளித்ததாகத்தான் முடியும். எல்லோருக்கும் ஒரே பழுப்புச் சாம்பல் கிடைக்கும். குற்றம் மாணவர் மேலும் இல்லை, டப்பா மேலும் இல்லை, கால அட்டவணை மேல். ஆளுக்கு மூன்று பலகை கொடுத்துச் சுழற்றுவது ஒரு வழி. அதோடு, ஒரு வாரம் முன்பே ஆசிரியர் இரண்டு அடுக்கு போட்டுக் காயவைத்த பலகை ஒன்று ஆளுக்கு இருந்தால், சுரண்டுவதையும் கரைப்பதையும் முதல் நாள் காலையிலேயே கற்றுத்தரலாம். சீக்கிரம் காய, கலவையில் அல்கிட் ஜெல் மீடியம் கொஞ்சம் சேர்ப்பதும் உதவும். அடி அடுக்குக்கு வின்சர் அண்ட் நியூட்டனின் கிரிஃபின் போன்ற அல்கிட் வண்ணங்களை எடுத்தால் மெல்லிய பூச்சு ஒரே நாளில் தொடும் பதத்துக்கு வரும்.

வாங்கும் கணக்கையும் பார்த்துவிடுவோம். 30 செ.மீ. சதுரப் பலகை, கால் மில்லிமீட்டர் அடுக்கு என்றால் கலவை சுமார் 22 மில்லி, அதில் மெழுகு 11. முழு அடுக்கு இரண்டு, பிறகு பாதிப் பரப்பில் நான்கு என்று வைத்தால் 44. கண்ணாடியிலும் ஸ்க்வீஜியிலும் வீணாவதைச் சேர்த்தால் பலகைக்கு 50 மில்லி. பத்துப் பேர், முப்பது பலகை: ஒன்றரை லிட்டர். 473 மில்லி டப்பா மூன்று மயிரிழையில் போதாது, நான்காக வாங்க வேண்டும். பலரும் மறப்பது மறுபாதியை: அதே ஒன்றரை லிட்டர் வண்ணமும் வேண்டும். 37 மில்லி டியூப்பில் அது நாற்பதைத் தாண்டும். வெள்ளையை மட்டுமாவது பெரிய டியூப்பில் வாங்கச் சொல்லி முன்கூட்டியே எழுதிவிடுவது நல்லது.

மணம் லேசுதான். மூக்குக்குத் தெரியாவிட்டாலும் ஆவி அறையில் இருக்கும். எதிரெதிர் ஜன்னல் திறக்காத அறையில் பத்துப் பேரை உட்காரவைத்து இதை நடத்தக் கூடாது, அங்கே மேட் அக்ரிலிக் ஜெல்லோடு நிறுத்திக்கொள்ளலாம். கைக்கு நைட்ரைல் உறை. பளிங்குத் தூளோ நிறமித் தூளோ சேர்ப்பதாக இருந்தால் முகக்கவசம். எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டிக் குப்பையில் போட்டால் தானாகச் சூடேறித் தீப்பிடிக்கலாம். மூடியுள்ள உலோக வாளியில் தண்ணீர் ஊற்றி அதில் போடுங்கள்.

குறைகளும் உண்டு. தேன்மெழுகு 62 முதல் 64 டிகிரி செல்சியஸில் உருகும், அதற்கு வெகு முன்பே இளகத் தொடங்கும். வெயிலில் நிறுத்திய காருக்குள் படத்தை விட்டால் மேற்பரப்பில் தூசி பதிந்துவிடும். கரைத்து வேலை செய்ய உதவிய அதே குணம் பின்னால் பாதகமாகும்: யாராவது கரைப்பான் தொட்டுச் 'சுத்தம்' செய்தால் படமும் கூடவே வரும். வாங்குபவருக்குப் பின்பக்கத்தில் எழுதி ஒட்டிக் கொடுப்பது ஓவியரின் பொறுப்பு. மேலே அக்ரிலிக் எதுவும் நிற்காது. பளபளப்பு வேண்டுமென்றால் நன்றாகக் காய்ந்த பிறகு மென்துணியால் தேய்த்து வரவழைக்கும் மெல்லிய மினுக்கோடு திருப்திப்பட வேண்டியதுதான்.

டப்பாவே கூடக் கவனம் கேட்கும். மூடி சரியாக மூடாவிட்டால் மேல்பகுதி வறண்டு பொருக்காகும், அந்தத் துகள்கள் பலகையில் நீளக் கீறல் போடும். பசையின் மேல் பட்டர் பேப்பரை வட்டமாக வெட்டி ஒட்டவைத்து மூடினால் நாள் தாங்கும். கெட்டியாகிவிட்டால் சில சொட்டு மினரல் ஸ்பிரிட் விட்டுக் குளிரக் குளிரவே பிசையலாம்.

கடைசி நாள் மாலை ஈரப் பலகைகளை எடுத்துப்போவதற்கு: நான்கு மூலையிலும் கார்க் துண்டு வைத்து, இரண்டு பலகைகளை முகத்துக்கு முகம் பார்க்கவைத்து, ஓரங்களில் டேப் சுற்றுங்கள். நடுவே பட்டர் பேப்பர் போட வேண்டாம், ஒட்டிக்கொண்டு பிரிக்கும்போது இன்னொரு அடுக்கையும் உரித்துவிடும்.