ஊர்ப் பங்கில் திருவருட்சாதனங்கள்: விடுமுறையில் செல்வோர் அறிய வேண்டியவை

தூத்துக்குடி கத்தோலிக்க மறைமாவட்டத்தின் கடலோரப் பங்குகளுள் (ஒரு பங்குத்தந்தையின் பொறுப்பில் உள்ள கோயில் சமூகங்களுள்) ஒன்று எங்கள் ஊர். கைக்குழந்தையாக இருக்கும் மகனுக்கு ஞானஸ்நானம், மகளுக்குப் புதுநன்மை (அர்ச்சிக்கப்பட்ட அப்பமாகிய நற்கருணையை முதன்முறை பெறுதல்), படுக்கையில் இருக்கும் என் தாயாருக்கு நோயில்பூசுதல் (நோயுற்றவருக்கு எண்ணெய் பூசிச் செபிக்கும் சடங்கு) ஆகிய மூன்று அருட்சாதனங்களையும் ஒரே விடுமுறைக்குள் முடித்துக்கொண்டு துபாய் திரும்பும் எண்ணத்தோடு இந்த ஆண்டு ஊருக்குச் சென்றோம். மூன்றும் நல்லபடியாக நடந்தன என்றாலும், எதற்கு எவ்வளவு முன்னேற்பாடு தேவைப்பட்டது என்பதை எழுதி வைத்தால், வளைகுடா நாடுகளிலிருந்து இதே நோக்கத்தோடு புறப்படுகிறவர்களுக்கு உதவும்.

ஞானஸ்நானத்திற்காகப் பங்குத்தந்தையைப் பார்க்கச் சென்றபோது, துபாய்ப் பங்கிலிருந்து கடிதம் கொண்டுவந்திருக்கிறோமா என்றுதான் அவர் முதலில் கேட்டார். இந்தக் கோயிலிலேயே ஞானஸ்நானம் பெற்று, இங்கேயே தாலி கட்டியவனிடம் கடிதம் கேட்பதா என்று என் சித்தப்பா முகம் சுளித்தார். ஆனால் குழந்தைக்குப் பெற்றோரின் பங்கிலேயே ஞானஸ்நானம் கொடுப்பதுதான் திருச்சபைச் சட்டத்தின் பொது விதி. நாங்கள் குடியிருக்கும் பங்கு துபாயில் இருப்பதால், அங்குள்ள பங்குத்தந்தையின் ஆட்சேபணையின்மைக் கடிதத்தை அவர் கேட்டது முறையே. நாங்கள் அதைக் கையோடு கொண்டு சென்றிருந்ததால் அந்தப் பேச்சு அத்தோடு முடிந்தது. 1535 முதல் 1537 வரையிலான ஆண்டுகளில் இக்கடற்கரையில் எங்கள் முன்னோர் ஆயிரக்கணக்கில் ஞானஸ்நானம் பெற்றபோது யாரும் யாரிடமும் கடிதம் கேட்டிருக்க மாட்டார்கள் என்று சித்தப்பா முணுமுணுத்ததையும் சொல்லிவிடுகிறேன்.

அடுத்தது, ஞானஸ்நானத்தில் குழந்தைக்குப் பொறுப்பேற்று நிற்கும் ஞானப்பெற்றோர். பதினாறு வயது நிறைந்தவராகவும், உறுதிபூசுதல் (ஞானஸ்நானம் பெற்றவரை விசுவாசத்தில் உறுதிப்படுத்தும் அருட்சாதனம்) பெற்ற கத்தோலிக்கராகவும் இருக்க வேண்டும். குழந்தையின் தாயோ தந்தையோ அந்தப் பொறுப்பை ஏற்க முடியாது. ஒருவர் இருந்தாலும் போதும். இருவர் என்றால் ஓர் ஆணும் ஒரு பெண்ணுமாக இருக்க வேண்டும். சென்னையில் வேலை பார்க்கும் மைத்துனரை ஞானத்தந்தையாக நிறுத்த விரும்பினோம். அவர் உறுதிபூசுதல் பெற்றதற்கான சான்றை அவருடைய சொந்தப் பங்கிலிருந்து வாங்கி வருவதற்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமை கைநழுவிப் போயிற்று. அதோடு அன்பியப் பொறுப்பாளரின் (பங்கில் அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் சேர்ந்த சிறு குழுவின் பொறுப்பாளர்) கையெழுத்தும் கேட்டார்கள். உண்மையில் எனக்குச் சங்கடமாக இருந்தது வேறொன்று: குடும்பத்தின் பெயரில் கோயில் வரி நிலுவை இருப்பதாகவும், அதைக் கட்டிய பிறகே விண்ணப்பத்தை எடுத்துக்கொள்வோம் என்றும் ஊர்க் கமிட்டியில் ஒருவர் சொன்னார். வரி கட்டுவது ஊராரின் கடமை என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் வசதியற்றவர் எவரும் வறுமை காரணமாக அருட்சாதனங்களை இழந்துவிடக் கூடாது என்று திருச்சபைச் சட்டமே சொல்லும்போது, நிலுவையையும் ஞானஸ்நானத்தையும் ஒரே மேசையில் பேசுவது தகாது. பங்குத்தந்தையிடம் சொன்னதும் விண்ணப்பத்தை அவரே வாங்கிக்கொண்டார். வரியை நாங்கள் தனியாகக் கட்டினோம்.

சனிக்கிழமை மாலையில் பெற்றோருக்கும் ஞானப்பெற்றோருக்கும் நடந்த தயாரிப்பு வகுப்பு சம்பிரதாயமாக இல்லை. பாவத்தை விலக்கி விசுவாசத்தை அறிக்கையிடும் கேள்விகளுக்கு விடை சொல்லப்போவது நாம்தான், குழந்தை அன்று என்பதை உணர்த்தி, அந்த விடைகளைச் சொல்லிப் பழக்கினார்கள். மறுநாள் திருப்பலிக்குப் பிறகு நான்கு குழந்தைகளுக்குச் சேர்ந்து சடங்கு நடந்தது. ஞானத்தந்தை பாஸ்காத் திரி எனும் பெரிய திரியிலிருந்து மெழுகுதிரியை ஏற்றிக்கொண்டு வரும்போது மின்விசிறிக் காற்றில் அது அணைந்துகொண்டே இருந்ததால், கோயில் பணியாளரான கோயில்பிள்ளை ஓடிப்போய் விசிறிகளை நிறுத்த, அதன்பின் சடங்கு முடியும்வரை அனைவரும் வியர்வையில் நனைந்தோம்.

சான்றிதழை வாங்கும்போது பெயரின் எழுத்துகள் கடவுச்சீட்டில் உள்ளபடியே இருக்கின்றனவா என்று அங்கேயே நின்று சரிபாருங்கள். எங்கள் மகனின் பெயரில் ஓர் எழுத்து மாறியிருந்ததைப் பதிவேட்டிலும் சேர்த்தே திருத்திக் கொடுத்தார்கள். இதை வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. ஞானஸ்நானப் பதிவேடுதான் ஒருவருடைய திருச்சபை வாழ்வின் மூல ஆவணம். பின்னாளில் அவர் பெறும் உறுதிபூசுதலும் திருமணமும் அதே பதிவில் குறிக்கப்படுகின்றன. மகன் எந்த நாட்டில் திருமணம் செய்தாலும் இந்தப் பங்கிலிருந்து புதிதாக ஒரு படி கேட்பார்கள். எனவே ஊரில் ஞானஸ்நானம் கொடுப்பது, அவனுடைய ஆயுள் முழுமைக்கும் ஊர்ப் பங்கோடு கடிதப் போக்குவரத்தை ஏற்றுக்கொள்வதாகும். அதை அறிந்தேதான் நாங்கள் ஊரைத் தேர்ந்தோம். வேலை முடிந்தால் துபாயை விட்டுக் கிளம்பத்தான் வேண்டும். பிறகு அங்கே போய் ஒரு சான்றிதழ் வாங்கித்தர நமக்கு யாரும் இருக்க மாட்டார்கள். ஊரில் எப்போதும் ஓர் உறவினர் இருப்பார்.

மகளின் புதுநன்மைக்கு, துபாயில் மறைக்கல்வி முடித்ததற்கான கடிதம் இருந்தும், ஊர்ப் பிள்ளைகளோடு சில மாலைகள் செபங்களை ஒப்பிக்க வரச் சொன்னார்கள். திருவிழாவுக்கு முன் பக்கத்துப் பங்குகளின் குருக்களும் வந்து, கோயில் வராந்தாவில் பிளாஸ்டிக் நாற்காலிகளில் அமர்ந்து ஒப்புரவு (பாவசங்கீர்த்தனம்) கேட்டார்கள். முதல் பாவசங்கீர்த்தனத்தைத் தமிழில் சொல்லத் தடுமாறிய மகளிடம், ஆங்கிலத்திலேயே சொல்லம்மா என்று ஒரு வயதான குரு சொல்லியிருக்கிறார்.

எந்தக் காகிதமும் கேட்காமல் நடந்தது அம்மாவுக்கான நோயில்பூசுதல்தான். சாகக் கிடப்பவருக்குத்தானே அது என்று அம்மா முதலில் பயந்தார்கள். காலைப் பூசை முடிந்ததும் குரு நடந்தே வீட்டுக்கு வந்தார். வெள்ளைத் துணி விரித்த மேசையில் பாடுபட்ட சுரூபத்தையும் (சிலுவையில் அறையப்பட்ட இயேசுவின் உருவம்) இரண்டு மெழுகுதிரிகளையும் வைத்திருந்தோம். நெற்றியிலும் கைகளிலும் எண்ணெய் பூசி நற்கருணை வழங்கிய பின், அவசரமின்றி உட்கார்ந்து அம்மாவோடு பழைய பங்குச் சாமியார்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமைகளில் நோயாளிகளுக்கு நற்கருணை கொண்டுவருவோர் பட்டியலில் அம்மாவின் பெயரையும் அன்றே சேர்த்துவிட்டார்.

திருமணத்துக்காக ஊருக்கு வருவோர் இதைவிட முன்னதாகவே தொடங்க வேண்டும். அண்மையில் எடுத்த ஞானஸ்நானச் சான்று, மணமாகாதவர் என்று வசிக்கும் பங்கு தரும் கடிதம், மூன்று ஞாயிறுகளில் ஓலை வாசிப்பு (நடக்கவிருக்கும் திருமணத்தைக் கோயிலில் அறிவித்தல்) என்று அதற்கு வேலைகள் அதிகம். குருக்களுக்குப் பணிமாற்றம் வரும் என்பதால், சென்ற முறை குறித்துக்கொண்ட தொலைபேசி எண்ணை நம்பாமல், இப்போதைய பங்குத்தந்தை யாரென்று விசாரித்து, பயணச்சீட்டு எடுப்பதற்கு முன்பே அவரிடம் பேசிவிடுவது நல்லது.