எதிர்காற்றோடு பழகிய பாதை: மேயோ கிரேட் வெஸ்டர்ன் கிரீன்வேயில் ஆறு ஆண்டுகள்

இந்தப் பாதையில் எத்தனை முறை போயிருப்பேன் என்று கணக்கு வைக்கவில்லை. மூன்று ஜோடி டயர், இரண்டு செயின், எண்ண முடியாத அளவு பிரேக் கட்டைகள் தேய்ந்திருக்கின்றன என்பது மட்டும் தெரியும். அயர்லாந்தின் மேற்குக் கரையில், மேயோ கவுண்டியில் இருக்கும் காசல்பாருக்கு வேலைக்கு வந்த ஆண்டே ஒரு சைக்கிள் வாங்கினேன். அங்கிருந்து வெஸ்ட்போர்ட் காரில் சுமார் இருபது நிமிடம். அந்த வெஸ்ட்போர்ட்டில்தான் கிரேட் வெஸ்டர்ன் கிரீன்வே தொடங்குகிறது. நியூபோர்ட், மல்ரானி வழியாக அக்கில் தீவின் வாசல் வரை 42 கிலோமீட்டருக்கு மேல் போகும் பாதை. முழுக்கக் கார் இல்லாத தடம் என்று சொல்ல முடியாது, சாலையைக் கடக்கும் இடங்கள் உண்டு. ஆனாலும் பெரும்பகுதி நடப்பவர்களுக்கும் சைக்கிளில் போகிறவர்களுக்கும் மட்டுமே.

இது பழைய ரயில் தடம். 1890களில் போட்டார்கள், 1937இல் மூடினார்கள். தண்டவாளம் போன இடத்தில் புல் முளைத்து எழுபது ஆண்டுகளுக்கு மேல் கிடந்தது. 2010இல் நியூபோர்ட்டிலிருந்து மல்ரானி வரை முதல் பகுதி திறந்தது, மறு ஆண்டில் மீதியும் சேர்ந்தது. நீராவி எஞ்சின் செங்குத்தாக ஏறாது என்பதால் அன்றைக்குப் பொறியாளர்கள் மேட்டை வெட்டி, பள்ளத்தை நிரப்பித் தடம் போட்டார்கள். அந்த உழைப்பின் பலனை இன்று நம் முழங்கால் அனுபவிக்கிறது. பழைய தடத்தை விட்டு விலகும் சில இடங்களில்தான் மேடு வரும், அதுவும் கியரை இறக்கினால் போதும்.

முதலில் காற்றைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இங்கே உங்கள் நாளைத் தீர்மானிப்பது அதுதான். அட்லாண்டிக்கிலிருந்து வரும் காற்று பெரும்பாலும் தென்மேற்கிலிருந்து வீசும். வெஸ்ட்போர்ட்டில் தொடங்கி அக்கிலை நோக்கிப் போனால், நியூபோர்ட்டைத் தாண்டியதும் அது முகத்தில் அறையும். என் முதல் பயணத்தில் இது தெரியாமல் மல்ரானிக்கு வருவதற்குள் தொடை நடுங்கிவிட்டது. அப்புறம் உள்ளூர்க்காரர்கள் செய்வதைக் கவனித்தேன். வாடகைக் கடைகள் வேனில் சைக்கிளையும் ஆளையும் ஏற்றி அக்கிலில் கொண்டுபோய் இறக்கிவிடும், அங்கிருந்து கிழக்கு நோக்கி மிதித்து வருவார்கள். முதல் முறை போகிறவர்கள் இப்படியே செய்யுங்கள். எனக்கு இப்போது எதிர்காற்று பழகிவிட்டது. போகும்போது பட்ட பாட்டுக்குத் திரும்பும்போது கூலி கிடைக்கும்.

மூன்று பகுதிகளில் எது சிறந்தது என்று கேட்டால் தயங்காமல் நடுப்பகுதியைச் சொல்வேன். நியூபோர்ட்டிலிருந்து மல்ரானி வரை 18 கிலோமீட்டர். ஒரு பக்கம் நெஃபின் பெக் மலைகளும் பழுப்புச் சதுப்பு நிலமும், மறுபக்கம் கிளூ விரிகுடா. அந்த விரிகுடாவில் நாளுக்கொன்றாக 365 தீவுகள் என்பது ஊர்ப் பேச்சு. அவை உண்மையில் பனியாறுகள் விட்டுப்போன மண்மேடுகள், பிறகு கடல் மட்டம் உயர்ந்து பாதி மூழ்கியவை. கவிழ்த்துப் போட்ட படகுகள் போல வரிசையாகக் கிடக்கும். எதிர்க்கரையில் 764 மீட்டர் உயரத்துக்கு க்ரோ பேட்ரிக் கூம்பாக நிற்கும். யாத்திரிகர்கள் ஏறும் மலை அது. மேகம் மூடிய நாளில் மலையின் அடி மட்டும் தெரியும், அதுவும் பார்க்க நன்றாகவே இருக்கும்.

நியூபோர்ட்டில் சிவப்பு மணற்கல்லில் ஏழு வளைவுகளோடு நிற்கும் பழைய ரயில் பாலத்தில் ஐந்து நிமிடமாவது நில்லுங்கள். ஊர் தாண்டியதும் பரிஷூல் மடாலயத்தின் இடிபாடும், இன்னும் சற்றுத் தள்ளி ராக்ஃப்ளீட் கோட்டையும் இருக்கின்றன. இரண்டுக்கும் பாதையிலிருந்து கொஞ்சம் விலகிப் போக வேண்டும். ராக்ஃப்ளீட், பதினாறாம் நூற்றாண்டில் இந்தக் கடலை ஆண்ட கிரேஸ் ஓமாலியின் கோட்டை. நீர் விளிம்பில் ஒற்றைக் கல் கோபுரம், அவ்வளவுதான். ஆனால் கடல் ஏற்றத்தின்போது போய்ப் பாருங்கள், தண்ணீர் சுவரைத் தொட்டு நிற்கும்.

மல்ரானிக்கு அப்பால் 13 கிலோமீட்டர், மக்கள் குறைவான பகுதி. இங்கே வரும்போதெல்லாம் இந்த ரயிலின் கதை நினைவுக்கு வருகிறது. 1894 ஜூனில் ஸ்காட்லாந்துக்கு உருளைக்கிழங்கு அறுவடைக் கூலி வேலைக்குக் கிளம்பிய அக்கில் மக்கள், வெஸ்ட்போர்ட்டில் கப்பல் ஏறுவதற்காகப் படகில் வந்தார்கள். படகு கவிழ்ந்து 32 பேர் மூழ்கினார்கள். இன்னும் முறையாகத் திறக்கப்படாத தடத்தில் அவர்களுடைய உடல்களை ஏற்றித்தான் முதல் ரயில் இந்தப் பக்கம் வந்தது. 1937 செப்டம்பரில் அதே கூலி வேலைக்குப் போன இடத்தில், ஸ்காட்லாந்தின் கர்கின்டில்லாக்கில், தங்கியிருந்த கொட்டகை தீப்பிடித்துப் பத்து அக்கில் பிள்ளைகள் இறந்தார்கள். அவர்களையும் இதே தடம்தான் சுமந்து வந்தது. அந்த மாதக் கடைசியிலேயே பாதை மூடப்பட்டது. நெருப்பு வண்டியின் முதல் பயணமும் கடைசிப் பயணமும் பிணத்தோடு இருக்கும் என்று முன்னமே ஒருவர் சொல்லி வைத்ததாக ஊரில் ஒரு கதை உண்டு. இரண்டு விபத்திலும் இறந்தவர்கள் கில்டாவ்னெட் கல்லறையில் இருக்கிறார்கள், அக்கில் பாலத்திலிருந்து சில கிலோமீட்டர் தெற்கே. பிழைப்புக்காகக் கடல் தாண்டி வந்தவள் நான். அந்தக் கற்களின் முன்னால் சைக்கிளைச் சாய்த்துவிட்டு நின்ற மதியத்தை மறக்க முடியவில்லை.

சரி, சைக்கிளுக்கு வருகிறேன். முதலில் நான் வாங்கியது மெல்லிய டயர் கொண்ட சாலை சைக்கிள். அது தவறான தேர்வு. தடத்தின் பெரும்பகுதி நுண்சரளை. காய்ந்திருந்தால் வழுவழுப்பாக ஓடும், நனைந்தால் டயரில் மாவு போல ஒட்டும். இரண்டு மாதத்தில் நான்கு பஞ்சர். இப்போது 40 மில்லிமீட்டர் டயர் போட்ட ஹைபிரிட் (தாருக்கும் சரளைக்கும் ஏற்ற சைக்கிள்) வைத்திருக்கிறேன், பெரும்பாலும் தொல்லையே இல்லை. மட்கார்டு இல்லாமல் இறங்காதீர்கள். மேற்கு அயர்லாந்தின் சில பகுதிகளில் ஆண்டுக்குச் சுமார் 225 நாள் மழை பெய்கிறது, வெயிலைப் பார்த்துக் கிளம்பினாலும் பாதி வழியில் நனைய வாய்ப்பு அதிகம். இன்னொன்று, உப்புக் காற்று. முதல் குளிர்காலத்தில் சைக்கிளைத் துடைக்காமல் கொட்டகையில் நிறுத்தினேன். வசந்தத்தில் செயின் துரு பிடித்துக் கம்பி போல விறைத்திருந்தது. அதிலிருந்து ஒவ்வொரு முறையும் நல்ல தண்ணீரில் கழுவி, துடைத்து, எண்ணெய் விடுகிறேன். பத்து நிமிட வேலை.

வழியில் மாடு தாண்டாமல் இருக்கத் தரையில் இரும்புக் குழாய்கள் பதித்த இடங்கள் வரும். மூன்றாம் ஆண்டு நவம்பரில், நனைந்த குழாய் மேல் சாய்வாகப் போய் விழுந்தேன். மணிக்கட்டில் கட்டு, ஆறு வாரம் சைக்கிள் இல்லை. குழாய்களுக்குக் குறுக்காக, ஹேண்டிலைத் திருப்பாமல், பிரேக் தொடாமல் நேராகக் கடக்க வேண்டும்.

பலருக்குத் தெரியாத விஷயம் ஒன்று உண்டு. ரயில் போன பிறகு இந்தத் தடத்தின் நிலம் விவசாயிகள் கைக்குப் போய்விட்டது. இன்று நாம் போவது அவர்கள் கொடுத்த அனுமதியில்தான், உரிமையில் இல்லை. ஆட்டுக்குட்டி ஈனும் பருவத்தில் ஒருநாள், வேலியருகே நின்ற பெரியவர் ஒருவர் என்னிடம், "நாயைக் கட்டிக் கூட்டிட்டு வரச் சொல்லும்மா, கேட்டைத் திறந்தவங்க சாத்திட்டுப் போகச் சொல்லு, எனக்கு அது போதும்" என்ற அர்த்தத்தில் சொன்னார். நான் போனதே தனியாக, நாயும் இல்லை. ஆனாலும் தமிழில் எழுதும்போது சொல்ல வேண்டும் என்று அன்றே முடிவு செய்தேன். குழுவாக வருகிறவர்கள் கேட்டைத் திறந்து போட்டுவிட்டுப் படம் எடுக்க நிற்பதைப் பார்த்திருக்கிறேன், வயிறு எரிகிறது.

எந்த மாதம் என்று கேட்பவர்களுக்கு: மே. முள்செடி மஞ்சளாகப் பூத்திருக்கும், தேங்காய் வாசனை வீசும். ஜூனில் இரவு பத்து மணி வரை வெளிச்சம், வேலை முடித்துவிட்டுக் கிளம்பலாம். ஆனால் காற்று நின்ற மாலையில் மிட்ஜ் என்ற பொடிக் கொசுக்கள் மொய்க்கும், சைக்கிளை நிறுத்தினால் கடித்துத் தீர்த்துவிடும். ஜூலை, ஆகஸ்டில் கூட்டம், வேலியெங்கும் சிவப்பு ஃபூஷியா பூக்கள். ஜனவரியில் பாதை முழுக்க எனக்குத்தான். முகம் விறைக்கும், விளக்கு கட்டாயம்.

குழந்தைகளோடு போக வேண்டுமென்றால், அயர்லாந்தின் தென்கிழக்கில் இருக்கும் வாட்டர்ஃபோர்டு கிரீன்வேயைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். 2017இல் திறந்தது, 46 கிலோமீட்டர், தார்ப்பாதை, சுமார் 400 மீட்டர் சுரங்கம், உயரமான பாலங்கள். மேற்கைவிட மழையும் குறைவு. கடல் மட்டும் டங்கார்வன் பக்கம் வந்த பிறகுதான் தெரியும்.

மலை சைக்கிள் ஓட்டுகிறவர்களுக்கு கிரீன்வே சலிக்கும். அவர்களுக்குக் கடல் தெரியும் தடம் வேண்டுமென்றால் வட அயர்லாந்தின் ராஸ்ட்ரெவர். கார்லிங்ஃபோர்டு கடல் கழிமுகத்துக்கு மேலே கில்ப்ரோனி காட்டில், 27 கிலோமீட்டர் சிவப்புத் தடமும் (கடினம்) 19 கிலோமீட்டர் கறுப்புத் தடமும் (மிகக் கடினம்) உண்டு. ஏற்றம் நீளமானது, மூச்சு வாங்கும். மேலே கோடாக் கார்னர் முனையில் நின்று கீழே நீரையும் எதிரே கூலி (Cooley) என்ற பெயருள்ள மலைகளையும் பார்த்தால் பட்ட பாடு மறந்துபோகும். நான் இரண்டு முறை சிவப்பில் போனேன், கறுப்பை இன்னும் தொடவில்லை. ஒரு எச்சரிக்கை: எல்லையில் சோதனைச் சாவடி இல்லை என்பதற்காக, இந்தியப் பாஸ்போர்ட்டும் அயர்லாந்து வசிப்பு அட்டையும் போதும் என்று நினைக்காதீர்கள். வட அயர்லாந்து ஐக்கிய ராச்சியத்தின் (UK) பகுதி, தனி விசா வேண்டும்.

அக்கிலுக்குப் போனவர்கள் பாலத்தோடு திரும்பிவிடாதீர்கள். உடம்பில் தெம்பு இருந்தால் மறுநாள் கீல் கடற்கரை தாண்டி கீம் வரை மிதியுங்கள். பாறைச் சரிவில் ஏறி இறங்கும் சாலை, பிரேக்கை முன்னமே சோதித்துக்கொள்ளுங்கள். கடைசி வளைவில் கீம் விரிகுடா பச்சையாகக் கீழே திறக்கும். நான் அந்த வளைவில் எப்போதும் இறங்கி, சைக்கிளைத் தள்ளிக்கொண்டுதான் போகிறேன்.