குன்னூர் எஸ்டேட் பங்களா: டீ அருமை, கொழுந்து பறிப்பு பற்றி மட்டும் என் பேச்சை அப்படியே நம்பாதீர்கள்

முதலில் எல்லாரும் கேட்பதைச் சொல்லிவிடுகிறேன். அறை சுத்தம், கட்டில் விசாலம், வெந்நீர் காலை எட்டு மணி வரைதான், அதற்கு மேல் வந்தால் உங்கள் அதிர்ஷ்டம். சாப்பாடு சுமார், இட்லிக்குக் கொடுத்த தக்காளிச் சட்னி மட்டும் நன்றாக இருந்தது. டீ உண்மையிலேயே அருமை. இடத்தின் பெயரைப் போடவில்லை, ஏனென்றால் குன்னூரிலிருந்து கோத்தகிரி போகும் பக்கம் இப்போது இதே மாதிரி பழைய துரை பங்களாக்கள் பல இருக்கின்றன, எல்லாரும் விற்பது ஏறக்குறைய ஒன்றைத்தான்: பனிமூட்டம், பச்சை, பீங்கான் கோப்பையில் டீ, அப்புறம் "ஒருநாள் தேயிலைத் தொழிலாளி". பெயர்தான் ஒருநாள், நடப்பது அரை மணி நேரம். தலைக்கு 500 ரூபாய்.

அந்த அரை மணி நேரத்தைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன்.

நான் வளர்ந்தது தோட்டத்து லைன் வீட்டில். மலையகத் தமிழர்களில் யார் இந்தியாவுக்குப் போவது, யார் அங்கேயே இருப்பது என்று இந்தியாவும் இலங்கையும் போட்ட 1964 ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து அனுப்பப்பட்ட குடும்பம் எங்களுடையது. அந்த ஒப்பந்தப்படி இந்தியா ஏற்றுக்கொள்ள வேண்டியவர்கள் என்று எழுதிய கணக்கு 5,25,000 பேர். தலைமன்னாரில் கப்பல் ஏறி, இராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாம் வழியாக நீலகிரிக்கு வந்தவர்கள். இப்படி வந்தவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் 1968-இல் அரசே தேயிலை போட ஆரம்பித்தது, பின்னால் அதுதான் டான்டீ என்ற அரசுத் தேயிலைக் கழகம் ஆனது. எங்கள் அம்மாவுக்குக் கிடைத்தது ஒரு தனியார் தோட்டம். ஆகவே நான் நடுநிலையாக எழுதுகிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

தலையில் பட்டை மாட்டி ஒரு கூடை, செடி கிழிக்காமல் இடுப்பில் கட்ட ஒரு புதுப் படங்குத் துணி, போட்டோ எடுக்க ஒரு ஆள், எல்லாம் கொடுத்தார்கள். கூட்டிப்போன பையன் நல்லவர், பொறுமையாகப் பேசினார். இரண்டு இலை ஒரு மொட்டு, நாலு கிலோவுக்கு மேல் பச்சை இலை போனால்தான் ஒரு கிலோ தூள், இதையெல்லாம் சரியாகவே சொன்னார். பெண்களின் மென்மையான விரல்கள் பட்டால்தான் டீ ருசிக்கும் என்றபோதுதான் எனக்குக் கொஞ்சம் சூடு ஏறியது. எங்கள் அம்மாவின் ஆட்காட்டி விரல் கொழுந்துக் கறை ஏறிக் கறுத்து, ஓரத்தில் வெடித்து, அந்த வெடிப்புக்குள்ளும் கறை இறங்கியிருக்கும், எலுமிச்சை போட்டுத் தேய்த்தாலும் போகாது. எங்களுக்குத் தலை பின்னும்போது முடி அந்த வெடிப்பில் மாட்டி இழுக்கும். ஆனால் இதைப் போய் அந்தப் பையனிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது, அவருக்கு எழுதிக் கொடுத்ததை அவர் ஒப்பித்தார்.

கடைசியில் ஒரு போட்டி. யார் அதிகம் பறித்தார்கள் என்று எடை போட்டுப் பரிசு. ஒரு முள் தராசைத் தூக்கி மாட்டினார்கள், என் கண் தானாகவே முள்ளுக்குப் போய்விட்டது. பள்ளிக்கூடம் விட்டதும் நான் நேராகப் பறித்த இலையை எடை போடும் கொழுந்து மடுவத்துக்குத்தான் போவேன், அம்மாவுக்கு எண் வாசிக்கத் தெரியாது, "முள்ளு எங்க நிக்குதுன்னு பாரு" என்று என்னை முன்னால் நிறுத்துவார். நான் பார்த்துச் சொல்வேன். கணக்கப்பிள்ளை எழுதுவது வேறாக இருக்கும், கூடைக்கு இவ்வளவு, ஈரத்துக்கு இவ்வளவு என்று கழித்துவிட்டுத்தான் எழுதுவார், மழை பெய்தால் கழிவு கூடும், ஏன் இவ்வளவு என்று மூன்றாம் வகுப்பு படிக்கிற பிள்ளை கேட்க முடியாது. இன்றைக்கும் தராசு ஜீரோவில் நிற்கிறதா என்று பார்க்காமல் எனக்கு அரை கிலோ வெண்டைக்காய் வாங்க வராது. வீட்டுக்காரர் எனக்கு வைத்திருக்கும் பெயர் தராசு இன்ஸ்பெக்டர். அலுவலகத்தில் சம்பளச் சீட்டு வந்தால் மொத்தத்தைப் பார்க்கமாட்டேன், பிடித்தம் எவ்வளவு என்றுதான் முதலில் பார்ப்பேன்.

இங்கே கூடையோடு சேர்த்தே எடை போட்டார்கள். கழிவே இல்லை! இலையில் பனி ஈரம் சொட்டுகிறது, அதற்கும் கழிவு இல்லை. என் மகள் ஜெயித்து ஒரு சாக்லேட் பெட்டி வாங்கிக்கொண்டு வந்தாள். அவள் பறித்ததில் பாதி முற்றல் இலை, மடுவத்தில் அப்படியே கொட்டச் சொல்லியிருப்பார்கள், நான் வாயைத் திறக்கவில்லை.

பறித்துக் காட்டுவதற்கு ஒரு அக்காவை நிறுத்தியிருந்தார்கள். "கவ்வாத்து வெட்டின பக்கம் போகாதீங்க மேடம், காலைக் கிழிச்சிரும்" என்றார், செடியைக் கத்தரித்துவிட்ட பக்கத்தைத்தான் சொன்னார். நான், "இப்ப ஈரத்துக்கு எவ்வளவுக்கா கழிக்கிறாங்க?" என்று கேட்டேன். கூடையைக் கீழே வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நீ எந்தத் தோட்டம்மா?" அதற்கப்புறம் மேடம் போய்விட்டது. தோட்டத்தில் இப்போது ஜார்க்கண்ட், அசாம் பிள்ளைகள்தான் நிறைய என்றார், தன் பையன் திருப்பூரில் இருக்கிறான் என்றார். கொடுத்த 500 ரூபாய்க்கு இந்தப் பேச்சு ஒன்றுதான் தேறியது.

சின்ன வயதில் பட்டதுதான் ஆளை ஆக்குகிறது என்று எல்லாரும் சொல்கிறார்கள், எனக்கும் அது பாதி சரி என்றுதான் படுகிறது. பாதி ஏன் என்றால், எங்கள் அண்ணன். லைன் வீட்டில் அதே காம்பரா அறையில் படுத்தவன், அதே தராசுக்கு முன்னால் நின்றவன். அவன் எதையும் எண்ணமாட்டான். ஆட்டோக்காரர் கேட்டதைக் கொடுப்பான், மீதிச் சில்லறை வாங்கமாட்டான், "நம்மகிட்டதான் கழிச்சாங்க, நாமளும் கழிக்கணுமா" என்பான். அவனுக்கு வயிறு எரிவதில்லை, எனக்கு எரிகிறது. இதற்கு என்ன விளக்கம் சொல்வது?

மழை விஷயமும் அப்படித்தான். வீட்டுக்காரர் ஈரோட்டுக்காரர், மழை வந்ததும் வராந்தாவில் நாற்காலி போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். எனக்கோ மழை என்றால் எடைக் கழிவு, அட்டைப்பூச்சி, நனைந்த கம்பளி வாடை. காலை டிபன் ஒன்பதுக்குத்தான், நான் ஐந்தரைக்கே எழுந்து, எந்தச் சங்கும் ஊதாத ஊரில் என்ன செய்வதென்று தெரியாமல் படுக்கையை மடித்து வைத்தேன். அறைக்கு வந்த பெண் அதைப் பார்த்துச் சிரித்தார்.

சரி, டீக்கு வருகிறேன். பால் ஊற்றிக் கேட்காதீர்கள். வெறும் சாயமாக வாங்கி, சீனியைத் தனியாக உள்ளங்கையில் வைத்துக்கொண்டு ஒரு வாய் சீனி ஒரு மடக்கு டீ என்று குடித்துப் பாருங்கள், எங்கள் வீட்டில் அப்படித்தான். பரிமாறியவர் ஒருமாதிரி பார்த்தார், பார்க்கட்டும். லைனில் நாங்கள் குடித்தது அடித்தூள், இது நல்ல இலை. இவ்வளவு வருஷம் கழித்து அம்மா பறித்ததன் ருசி என்னவென்று இங்கேதான் தெரிந்தது, அந்த வகையில் காசு வீண் இல்லை.

போகிறவர்களுக்கு: டிசம்பரிலிருந்து மார்ச்சுக்குள் போங்கள், குளிர்காலத் தூளுக்கு வாசனையே தனி. அங்கே கடையில் அலங்காரப் பெட்டியை விட்டுவிட்டுக் காகிதப் பையில் கட்டியதைக் கேளுங்கள், உள்ளே ஒரே தூள்தான், விலை பாதி. மழைக்காலம் என்றால் அட்டைக்கு ஒரு பொட்டலம் உப்பு. பறித்துக் காட்டும் அக்காவுக்கு நம் 500 ரூபாயிலிருந்து தனியாக எதுவும் போவதில்லையாம், அன்றையக் கூலிதான், அதனால் அவர் கையில் நேராகக் கொடுத்துவிடுங்கள். டீக்கு ஐந்து நட்சத்திரம், மொத்தத்துக்கு மூன்று. வெந்நீரை ஒன்பது மணி வரை விட்டால் நாலு போடுவேன்.