தணிப்பை அளக்க மைக்ரோவேவா, லேசரா?

காந்தப் படலம் ஒன்றை வளர்த்து முடித்ததும் வருகிற முதல் கேள்வி, இதன் தணிப்பு எவ்வளவு என்பதுதான். காந்தமாக்கத்தைச் சற்றே தட்டிவிட்டால் சாய்ந்த பம்பரம்போல அது காந்தப் புலத்தைச் சுற்றித் தலையாட்டும். எவ்வளவு சீக்கிரம் அடங்குகிறது என்று சொல்லும் எண்தான் கில்பர்ட் தணிப்பு, சுருக்கமாக ஆல்ஃபா. பெர்மல்லாய் என்கிற நிக்கல்-இரும்புக் கலவைக்கு 0.008 பக்கம்.

இதை அளக்க மைக்ரோவேவ் வழி பழசு. மைக்ரோவேவின் அதிர்வெண் அந்தத் தலையாட்டலோடு ஒத்துப்போனால் படலம் அதை உறிஞ்சும். இந்த ஃபெர்ரோகாந்த ஒத்ததிர்வை (ஆய்வகப் பேச்சில் எஃப்.எம்.ஆர்.) 1946இல் ஆக்ஸ்ஃபோர்டில் கிரிஃபித்ஸ் கண்டார், 1948இல் கிட்டெல் அதன் அதிர்வெண்ணுக்குச் சூத்திரம் தந்தார். அந்தச் சூத்திரத்தில் போட்டுப் பார்த்தால் 0.1 டெஸ்லா புலத்தில் பெர்மல்லாய் 9 கிகாஹெர்ட்ஸ் சொச்சத்தில் அதிரும். செய்முறையும் எளிது: படலத்தை வேவ்கைடின் (மைக்ரோவேவைக் கொண்டுசெல்லும் தடத்தின்) மேல் கவிழ்த்து வைத்து, மைக்ரோவேவை அனுப்பி அளக்கும் நெட்வொர்க் அனலைசரை இணைத்து, புலத்தை மெல்ல ஏற்றினால் ஒத்ததிர்வு வரும் இடத்தில் உறிஞ்சல் தெரியும். அந்த உறிஞ்சலின் அகலத்தைப் பல அதிர்வெண்களில் எடுத்து வரைந்தால் நேர்கோடு கிடைக்கும், அதன் சரிவு ஆல்ஃபாவைத் தரும், கோடு அச்சை வெட்டும் இடம் படலம் எவ்வளவு சீரற்றது என்பதைச் சொல்லிவிடும். இரண்டும் தனித்தனியாகப் பிரிந்து வருகிறதே, எனக்கு இந்த முறை பிடித்ததற்கு அதுதான் காரணம்.

லேசர் வழிக்கு அடிப்படை, 1876இல் ஜான் கெர் மின்காந்தத்தின் பளபளப்பான முனையில் ஒளியைப் பட்டுத் தெறிக்கவிட்டுக் கண்ட விளைவு: ஒளியின் முனைவாக்கத் தளம், அதாவது ஒளி அலை அதிரும் தளம், கொஞ்சம் திரும்பும், பெரும்பாலும் ஒரு டிகிரிகூட இருக்காது. ஒரு லேசர் துடிப்பால் காந்தமாக்கத்தைத் தட்டி, தாமதித்து வரும் இன்னொன்றால் அந்தத் திருப்பத்தைப் படிப்பார்கள். 1996இல் ஸ்ட்ராஸ்பூரில் நிக்கல் படலத்தை இப்படி அடித்தபோது அதன் காந்தமாக்கம் ஒரு பிகோசெகண்டுக்குள் சரிந்தது. எஃப்.எம்.ஆர். கண்ணில் இதெல்லாம் படவே படாது. தவிர, அது மில்லிமீட்டர் அகலத்துக்குச் சராசரிதான் தரும், லேசரோ ஒரு மைக்ரான் புள்ளியைத் தனியாகப் பார்க்கும்.

சரி, அப்படியானால் லேசரே போதுமா? கணக்குப் போட்டுப் பாருங்கள். இரண்டாவது துடிப்பைத் தாமதிக்க, அது பட்டுத் திரும்பும் கண்ணாடியைத் தள்ளி வைத்துப் பாதையை நீட்டுவார்கள்; கண்ணாடியை 15 சென்டிமீட்டர் நகர்த்தினால் 1 நானோசெகண்ட் தாமதம். 0.1 டெஸ்லாவில் பெர்மல்லாய் ஒரு நானோசெகண்ட் அளவில் அடங்கிவிடும், மேசையிலேயே வேலை முடியும். ஆனால் ஆல்ஃபா 0.0001 உள்ள யிட்ரியம் இரும்புக் கார்னெட் (மின்சாரம் கடத்தாத காந்த ஆக்சைடு) படலம் அதே புலத்தில் அடங்க 300 நானோசெகண்ட் ஆகும். அதற்குக் கண்ணாடி நகர 45 மீட்டர் தண்டவாளம் போட வேண்டும்! (மின்னணுத் தாமதம் வைத்துச் சமாளிக்கலாம், அது வேறு தலைவலி.) அப்புறம், உலோகத்தில் ஒளி மேலே 10, 20 நானோமீட்டரைத்தான் பார்க்கும், தட்டும் துடிப்பு படலத்தைச் சூடாக்கவும் செய்யும்.

இரும்பு-பிளாட்டினம் மாதிரி இறுகிய காந்தங்களில் நிலைமை தலைகீழ். அவற்றின் ஒத்ததிர்வு 100 கிகாஹெர்ட்ஸைத் தாண்டிப் போகும், ஆய்வகங்களில் சாதாரணமாக இருக்கும் அனலைசர் 40 அல்லது 67இல் நின்றுவிடும். அங்கே லேசருக்குப் போட்டியே இல்லை.

பெர்மல்லாய் போன்ற மென்காந்தப் படலமும் கார்னெட்டும் கையில் இருந்தால் நான் யோசிக்காமல் எஃப்.எம்.ஆர். பக்கம்தான் போவேன். இரண்டிலும் அளந்து லேசர் எண் பெரிதாக வந்தால், பொருளைச் சந்தேகிப்பதற்கு முன்னால் தட்டும் துடிப்பின் சக்தியைக் குறைத்து, புலத்தை ஏற்றி, இன்னொரு முறை அளந்து பாருங்கள்.