ஸ்கிரீன் சேவர் மாற்றித் தருகிறோம் என்று கடையில் சொன்னால் காசு கொடுக்காதீர்கள்

மொரீஷியஸில் ரோஸ் ஹில், காத்ர் போர்ன் பக்கம் இருக்கும் நம்மவர்களுக்கு இதைச் சொல்லியே ஆக வேண்டும். 2025 அக்டோபர் 14உடன் விண்டோஸ் 10க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்தியதிலிருந்து ஆளாளுக்கு லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போகிறோம். நானும் போனேன். விண்டோஸ் 11 ஏற்றிக் கொடுத்தார்கள், அதில் குறை ஒன்றுமில்லை.

வீட்டுக்கு வந்து பார்த்தால் என் குத்துவிளக்கைக் காணோம். அண்ணன் சென்னைக்குப் போனபோது வாங்கிவந்த பழைய சிடியில் இருந்த ஸ்கிரீன் சேவர் அது, லேப்டாப்பைத் தொடாமல் விட்டால் திரையில் தானாக ஓடும் அசையும் படம். சனிக்கிழமை தமிழ் வகுப்புக்கு வரும் பிள்ளைகள் ஐந்து முகமும் ஒவ்வொன்றாகச் சுடர்விடுவதைப் பார்த்துத்தான் ஒன்று, இரண்டு என்று எண்ணப் பழகினார்கள். சிடியை மறுபடி போட்டேன். கறுப்புத் திரை, நடுவில் ஒரு வெள்ளைக் கட்டம், அவ்வளவுதான்.

கடையில் கேட்டதற்கு, அது விண்டோஸ் 11க்கு ஒத்துவராது, ஒத்துவருகிற ஒன்றைப் போட்டுத் தருகிறோம், 1,500 ரூபாய் ஆகும் என்றார்கள். சரி என்று கொடுத்தேன். தாமரைக்குளமும் அருவியுமாக ஏதோ ஒன்றைப் போட்டார்கள். பார்க்க அழகாகத்தான் இருந்தது.

மூன்றாம் நாளிலிருந்து திரையின் வலது மூலையில் விளம்பரங்கள் குதிக்க ஆரம்பித்தன. குரோமைத் திறந்தால் கூகுளுக்குப் பதில் பெயர் தெரியாத ஒரு தேடல் பக்கம். அந்தச் சனிக்கிழமை உயிர்மெய் எழுத்து நடத்திக்கொண்டிருக்கும்போது, ஒன்பது பிள்ளைகள் கண்முன்னே ஒரு ஆபாசப் படம் வந்து நின்றது. லேப்டாப்பைப் படாரென்று மூடினேன். அந்தப் பெற்றோர்கள் என்னை நம்பித்தானே பிள்ளைகளை அனுப்புகிறார்கள்!

திரும்பக் கடைக்குப் போனால், வைரஸ் வந்துவிட்டது, சுத்தம் செய்ய இன்னும் 2,500 ரூபாய் என்கிறார்கள். அவர்கள் போட்டதால் வந்ததற்கு அவர்களே கூலி கேட்கிறார்கள். ரசீதைக் காட்டினேன். அதில் 'சாஃப்ட்வேர்' என்ற ஒரு சொல்தான் இருந்தது, என்ன போட்டார்கள் என்று எழுதவில்லை. பணம் திரும்பி வரவில்லை.

தங்கை மகன் வந்து பார்த்த பிறகுதான் விஷயம் புரிந்தது. என் விளக்கு ஃப்ளாஷில், அதாவது அசையும் படங்களை ஓட்டும் அடோபி நிறுவனத்தின் பழைய மென்பொருளில், ஓடியதாம். அடோபி 2020 டிசம்பர் 31உடன் ஃப்ளாஷைக் கைவிட்டுவிட்டது, விண்டோஸ் 11இல் அது கிடையவே கிடையாது. அதைவிட முக்கியமான ஒன்றையும் சொன்னான்: பெயர் எஸ்.சி.ஆர். (.scr) என்று முடியும் ஸ்கிரீன் சேவர் கோப்பு வெறும் படமில்லை, முழுமையான ஒரு புரோகிராம். திறந்தால் எது வேண்டுமானாலும் செய்யும். கடைக்காரர்கள் ஏதோ ஓர் இலவசத் தளத்திலிருந்து இறக்கியதோடு விளம்பர மென்பொருளும் சேர்ந்து உள்ளே வந்திருக்கிறது.

விண்டோஸ் 11இலேயே ஸ்கிரீன் சேவர்கள் இருக்கின்றன, அதுவும் இலவசமாக! திரையின் அடியில் விண்டோஸ் தேடும் இடத்தில் 'ஸ்கிரீன் சேவர்' என்று ஆங்கிலத்தில் அடியுங்கள். பிரெஞ்சு விண்டோஸ் என்றால் 'எக்ரான் த வேய்'. ஸ்கிரீன் சேவரை மாற்றும் பகுதி வரும், அதைத் திறந்து, அங்குள்ள பட்டியலில் 'ஃபோட்டோஸ்' என்பதைத் தேர்ந்தெடுத்து, உங்கள் படங்கள் இருக்கும் ஃபோல்டரைக் காட்டினால் போதும். இரண்டு நிமிட வேலை. என் திரையில் இப்போது அண்ணன் தைப்பூசத்துக்குக் காவடி எடுத்த படங்கள் வருகின்றன.

என்னைப் போல ஏற்கெனவே போட்டுக்கொண்டவர்கள், செட்டிங்ஸில் ஆப்ஸ் பட்டியலுக்குப் போய், கடைக்குப் போய்வந்த தேதியில் புதிதாக ஏறியவற்றைப் பார்த்து, உங்களுக்குத் தெரியாததை நீக்குங்கள். அப்புறம் விண்டோஸிலேயே இருக்கும் விண்டோஸ் செக்யூரிட்டியில் முழு ஸ்கேன் ஓடவிடுங்கள். எனக்கு அதில் ஒரு ராத்திரி முழுக்கப் போனது. அந்த லேப்டாப்பில் பேங்க் கணக்கைத் திறந்திருந்தால், பாஸ்வேர்டை இன்றைக்கே மாற்றுங்கள். அதே லேப்டாப்பில் வேண்டாம், போனிலிருந்து மாற்றுங்கள்.