லாங்டாங் பள்ளத்தாக்கு பேக்கேஜ்: மூன்றாம் இரவு எங்கே என்று முதலில் கேளுங்கள்

காத்மாண்டுவின் சுற்றுலாப் பகுதியான தமேலில் விற்கப்படும் லாங்டாங் மலைநடைப் பேக்கேஜ்கள் பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்தவை. முதல் நாள் ஜீப்பில் சியாப்ருபேசி, இரண்டாம் நாள் நடந்து லாமா ஹோட்டல் என்ற சிற்றூர், மூன்றாம் நாள் லாங்டாங் கிராமம், நான்காம் நாள் கியாஞ்சின் கோம்பா, ஐந்தாம் நாள் ஒரு முகடு. அடுத்த இரண்டு நாளில் இறக்கம், எட்டாம் நாள் திரும்பக் காத்மாண்டு. விலையும் கவனிப்பும் கடைக்குக் கடை மாறும். இந்த அட்டவணை மட்டும் மாறுவதில்லை. அதில்தான் கோளாறு இருக்கிறது.

முதலில் நல்லதைச் சொல்லிவிடலாம். நேபாளத்தின் பெரிய மலைநடைகளில், எளிதாகப் போய்ச்சேர்ந்து உயர்ந்த பனிமலைகளுக்கு இவ்வளவு நெருக்கமாக நிற்க முடிகிற இடம் லாங்டாங்தான். எவரெஸ்ட் பக்கம் போவதென்றால் லுக்லா விமானத்துக்காக வானிலையைப் பார்த்துக் காத்திருக்க வேண்டும். இங்கே அந்தத் தொல்லை இல்லை. சாலை வழியாகச் சுமார் 120 கிலோமீட்டர்தான். ஆனால் மலைச்சாலை என்பதால் ஏழு முதல் ஒன்பது மணி நேரம் பிடிக்கும். மழைக்காலத்தில் மண் சரிந்தால் அதற்கும் மேல். பேருந்தை விட ஜீப் மேல், ஏனென்றால் அடுத்த நாள் காலில் வேலை இருக்கிறது. பேக்கேஜில் 'போக்குவரத்து உட்பட' என்று எழுதியிருந்தால் பேருந்தா, பகிர்வு ஜீப்பா, தனி ஜீப்பா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

இனி அந்த மூன்றாம் இரவு. லாமா ஹோட்டல் சுமார் 2,400 மீட்டர் உயரம். லாங்டாங் கிராமம் 3,430 மீட்டர். ஒரே பகலில் ஆயிரம் மீட்டருக்கு மேல் ஏறி அங்கேயே படுக்க வேண்டும். 3,000 மீட்டரைத் தாண்டிய பிறகு படுக்கும் உயரத்தை ஓர் இரவுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது என்பது உயர்மலை மருத்துவத்தின் பொது விதி. லாங்டாங் கிராமத்தில் பலருக்குத் தலைவலியும், கியாஞ்சினில் வாந்தியும் தூக்கமின்மையும் வருவதற்குக் காரணம் இந்தத் தாவல்தான். உடற்பயிற்சி போதாது என்று தங்களையே நொந்துகொள்கிறவர்கள் உண்டு. உயரம் உடற்கட்டைப் பார்ப்பதில்லை. தினமும் ஓடுகிறவர் வேகமாக ஏறி, அதனாலேயே முதலில் விழுவதும் நடக்கும்.

தீர்வு எளிது. லாமா ஹோட்டலுக்கும் லாங்டாங்குக்கும் நடுவே கோடாதபேலா, சுமார் 3,030 மீட்டரில் இருக்கிறது. அதற்குச் சற்று மேலே தங்ஷ்யாப், சுமார் 3,140 மீட்டர். இரண்டிலும் தங்குமிடம் உண்டு. மூன்றாம் இரவை அங்கே வைத்து, நான்காம் இரவை லாங்டாங்கிலோ அதற்கு அடுத்த முண்டுவிலோ கழித்து, ஐந்தாம் நாள் கியாஞ்சின் போகும்படி அட்டவணையை மாற்றச் சொல்லுங்கள். கியாஞ்சினில் மூன்று இரவு. மொத்தம் பத்து நாள் ஆகும். கூடுகிற செலவு இரண்டு நாள் கைடு கூலியும் சாப்பாடும் அறையும்தான். 'தேவையே இல்லை, எல்லோரும் எட்டு நாளில்தான் போகிறார்கள்' என்று சொல்லும் கடையில் முன்பணம் கட்டாதீர்கள். மாற்றித் தருகிற கடை ஊரில் நிறைய இருக்கிறது.

அனுமதிச் சீட்டுகள் இரண்டு. 1976இல் அமைக்கப்பட்ட லாங்டாங் தேசியப் பூங்காவின் நுழைவுக் கட்டணம் சார்க் நாட்டவருக்கு 1,500 நேபாள ரூபாய், மற்ற வெளிநாட்டவருக்கு 3,000. டிம்ஸ் என்ற மலைநடையாளர் பதிவு அட்டைக்கு சார்க் நாட்டவருக்கு 1,000, மற்றவர்களுக்கு 2,000. இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் போகும் தமிழர்களுக்குச் சலுகைக் கட்டணம் உண்டு. சிங்கப்பூர், மலேசியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள் முழுக் கட்டணம் கட்ட வேண்டும். இந்திய ரூபாய்க்கு 1.6 நேபாள ரூபாய் என்பது நிலையான மாற்று விகிதம் என்பதால் கணக்குப் போடுவது சுலபம்: இந்தியர் ஒருவருக்கு இரண்டு சீட்டும் சேர்ந்து ஏறத்தாழ 1,560 இந்திய ரூபாய். 'பெர்மிட் செலவு' என்று இதைவிடப் பல மடங்கு போட்டிருந்தால் விவரம் கேளுங்கள். இந்தியருக்கு விசா வேண்டாம், ஆனால் விமானத்தில் போகும் பெரியவர்கள் கடவுச்சீட்டோ வாக்காளர் அட்டையோ காட்டியாக வேண்டும். ஆதாரை நம்பிக் கிளம்பாதீர்கள். வழியில் துன்சே ஊரில் ராணுவத்தினர் பைகளைச் சோதிப்பார்கள். அனுமதி வாங்காத டிரோன் இருந்தால் பயணம் அங்கேயே சிக்கலாகும்.

2023 ஏப்ரல் முதல் நேபாளத்தில் வெளிநாட்டு மலைநடையாளர்கள் உரிமம் பெற்ற கைடுடன்தான் போக வேண்டும் என்று விதி வந்துவிட்டது. ஆகவே கைடு வேண்டுமா என்ற கேள்வி இப்போது இல்லை, எப்படிப்பட்ட கைடு என்பதுதான் கேள்வி. இந்தப் பாதையில் வழி தவறுவது கடினம். ஆற்றை ஒட்டி ஒரே தடம். கைடுக்குக் கொடுக்கிற பணம் வழி காட்டுவதற்கு அல்ல. காலையில் உங்கள் முகத்தைப் பார்த்து இன்று ஏற வேண்டாம் என்று சொல்வதற்கு, அக்டோபர் நெரிசலில் அறை பிடிப்பதற்கு, பாறை உருளும் இடத்தை எந்த நேரத்தில் கடப்பது என்று முடிவு செய்வதற்கு. லாங்டாங் இருக்கும் ரசுவா மாவட்டத்துத் தமாங் இன ஆள் கிடைத்தால் விடாதீர்கள். விடுதிக்காரர்கள் உறவோ பழக்கமோ ஆக இருப்பார்கள், அறை கிடைக்கும். பணம் கட்டும் முன் அவரோடு நேரில் பத்து நிமிடம் பேசுங்கள். உரிம அட்டையைப் பாருங்கள். ரத்த ஆக்ஸிஜனைக் காட்டும் ஆக்ஸிமீட்டர் எடுத்து வருவாரா, ஒருவருக்கு உடம்பு சரியில்லை என்றால் குழுவை எப்படிப் பிரிப்பார் என்று கேளுங்கள். இரண்டாவது கேள்விக்கு வரும் பதிலில் ஆள் தெரிந்துவிடும். ஆறு பேருக்கு மேல் இருந்தால் உதவி கைடு ஒருவர் கட்டாயம் வேண்டும். இல்லாவிட்டால் ஒருவர் இறங்கும்போது மற்ற எல்லோரும் இறங்க வேண்டும், அல்லது அவர் தனியாக இறங்க வேண்டும். இரண்டும் தவறு.

போர்ட்டர் விஷயத்தில் கொஞ்சம் கண்டிப்பாக இருக்க வேண்டும். வழக்கமாக இரண்டு பேர் பைக்கு ஒரு போர்ட்டர். ஒருவர் பை 10 கிலோவைத் தாண்டாமல் கட்டினால், போர்ட்டரின் சொந்தப் பொருளோடு சேர்த்து நியாயமான சுமையாக இருக்கும். அவருக்குக் காப்பீடு உண்டா, அவருடைய சாப்பாடும் படுக்கையும் யார் செலவு என்று கேளுங்கள். கியாஞ்சினில் இரவு உறைநிலைக்குக் கீழே போகும்போது அவருக்கும் கனமான ஜாக்கெட் வேண்டும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள். மலிவான பேக்கேஜ்களில் விலை குறைவதன் ரகசியம் பெரும்பாலும் இவருடைய கூலியில்தான் இருக்கிறது.

பாதைக்கு வருவோம். சியாப்ருபேசியிலிருந்து லாமா ஹோட்டல் ஆறு மணி நேரம். முதல் பாதியில், தோமென், பைரோ பகுதிகளில் பழைய மண்சரிவுகளைக் கடக்க வேண்டும். வெயில் ஏறி மேலே மண் இளகும்போதும், மழை பெய்த மறுநாளும் கல் உருளும். காலையிலேயே கடந்துவிடுவது, ஒவ்வொருவராக நிற்காமல் போவது, அங்கே உட்கார்ந்து படம் எடுக்காமல் இருப்பது, இவ்வளவுதான் விதி. எதிர்க்கரைப் பாறையில் பெரிய மலைத்தேனீக் கூடுகள் தொங்கும், காட்டில் லங்கூர் குரங்குகள் தெரியும். பேம்பூவில் மதியச் சாப்பாடு. அதன் பிறகு ரிம்ச்சே வரை செங்குத்து ஏற்றம், நாளின் கடினமான பகுதி அதுதான்.

மறுநாள் கோடாதபேலா வரை அடர்ந்த காடு. மார்ச் கடைசியிலும் ஏப்ரலிலும் ரோடோடென்ட்ரான் பூத்துச் சிவந்திருக்கும். கோடாதபேலாவில் காடு விலகிப் பள்ளத்தாக்கு அகன்றுவிடும். அங்கே சீட்டுகளைச் சரிபார்ப்பார்கள், கையிலேயே வைத்திருங்கள்.

லாங்டாங் கிராமத்துக்கு முன்னால் பெரிய கற்பரப்பு ஒன்றின் மீது நடந்து போக வேண்டும். பழைய ஊர் அதன் அடியில் இருக்கிறது. 2015 ஏப்ரல் 25 நிலநடுக்கத்தில் லாங்டாங் லிருங் சிகரத்தின் சரிவிலிருந்து பனியும் பாறையும் பெயர்ந்து ஊரை மூடின. இருநூறு பேருக்கு மேல் இறந்தார்கள். அந்தச் சரிவு கிளப்பிய காற்றின் வேகத்திலேயே எதிர்ச்சரிவு மரங்கள் படுத்துவிட்டன. செங்குத்துப் பாறையின் அடியில் ஒதுங்கியிருந்த ஒரு வீடு மட்டும் தப்பியது, இன்றும் நிற்கிறது. இறந்தவர்களின் பெயர்கள் பொறித்த நினைவிடம் இருக்கிறது. நல்ல கைடு இங்கே நிறுத்துவார், விளக்குவார், சத்தத்தைக் குறைக்கச் சொல்வார். இன்று உங்களுக்கு அறை தருகிற குடும்பங்கள் அந்த நாளில் பெற்றோரையும் பிள்ளைகளையும் இழந்தவை. அவர்களாகப் பேசினால் கேளுங்கள், துருவாதீர்கள். ஊரைத் தாண்டினால் பௌத்த மந்திரம் செதுக்கிய 'மணி' கற்களை அடுக்கிய நீண்ட சுவர்கள் வரும். சுவர் உங்கள் வலக்கைப் பக்கம் இருக்கும்படி இடப்புறமாகப் போவது மரபு.

கியாஞ்சின் கோம்பா 3,870 மீட்டர். காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குக்கும் குறைவு. தண்ணீர் ஏறத்தாழ 87 டிகிரியிலேயே கொதித்துவிடும். குடிப்பதற்கு அது போதும், கிருமி செத்துவிடும். ஆனால் சோறு வேகக் குக்கர் வேண்டும். அதனால்தான் சாப்பாடு தாமதமாகிறது. ஒரே அடுப்பில் முப்பது பேருக்குச் சமைப்பார்கள். மாலை நான்கு மணிக்கே இரவு உணவைச் சொல்லிவிடுங்கள், எல்லோரும் ஒரே உணவைச் சொன்னால் இன்னும் நல்லது. தால் பாத் சொன்னால் திரும்பத் திரும்பப் போடுவார்கள், வயிறு நிறையும். உருளைக்கிழங்கு, துக்பா (நூடுல்ஸ் சூப்), திங்மோ (ஆவியில் வேகவைத்த ரொட்டி) எல்லாம் நன்றாகவே இருக்கும். இறைச்சி கீழிருந்து முதுகில் சுமந்து வருவது, குளிர்சாதனம் கிடையாது, தவிர்ப்பதே நல்லது. வீட்டிலிருந்து கொஞ்சம் பருப்புப் பொடி கொண்டுபோனால் பசி மந்தப்படும் நாட்களில் கைகொடுக்கும். 1950களில் சுவிட்சர்லாந்து உதவியோடு தொடங்கிய பாலாடைக்கட்டிக் கூடம் இங்கே உண்டு. சௌரி என்ற யாக்-பசு கலப்பினத்தின் பாலில் செய்த கட்டி, கடினமாக, நல்ல மணத்தோடு இருக்கும். வாங்கலாம்.

அறைகள் பலகைச் சுவர், இரண்டு கட்டில், ஒரு கனத்த போர்வை. சூடு சாப்பாட்டுக் கூடத்தில் மட்டும். 'போர்வை தருவார்கள், ஸ்லீப்பிங் பேக் வேண்டாம்' என்று ஏஜென்ட் சொன்னால் நம்ப வேண்டாம், கூட்டமான மாதங்களில் ஆளுக்கு ஒரு போர்வைக்கு மேல் கிடைக்காது. மைனஸ் 10 டிகிரி தாங்கும் பையைத் தமேலில் வாடகைக்கு எடுங்கள், பையின் ஜிப்பைக் கடையிலேயே நான்கு முறை இழுத்துப் பாருங்கள். வெந்நீர்க் குளியல், சார்ஜ், வைஃபை எல்லாவற்றுக்கும் தனிக் காசு, பேக்கேஜில் அடங்காது. சியாப்ருபேசிக்கு மேலே ஏடிஎம்மை நம்ப முடியாது, ரொக்கம் வேண்டும். செல்பேசிக்கு நேபாள் டெலிகாம் சிம்.

கியாஞ்சினில் முதல் முழுநாள் கியாஞ்சின் ரி என்ற முகடு. கீழ்முகடு சுமார் 4,300 மீட்டர், மேல்முகடு 4,700க்கு மேல். இரண்டு மூன்று மணி நேர ஏற்றம். அடுத்த நாள் செர்கோ ரி, ஏறத்தாழ 5,000 மீட்டர். ஏற நான்கைந்து மணி, இறங்க மூன்று. இந்த வரிசையை மாற்றாதீர்கள். இரண்டுக்கும் விடியுமுன் கிளம்ப வேண்டும், ஏனென்றால் முற்பகல் ஏறஏறப் பள்ளத்தாக்கில் காற்று வேகமெடுக்கும், மதியத்துக்குள் மேகம் மூடிவிடும். செர்கோ ரி மேற்பகுதியில் பனி இருந்தால் காலணியில் மாட்டும் பல் வைத்த மைக்ரோ ஸ்பைக் இல்லாமல் போக வேண்டாம். ஏற விருப்பமில்லாதவர்கள் லாங்ஷிசா கர்கா என்ற மேய்ச்சல் வெளிப் பக்கம் சமதரையில் நடந்துவிட்டு வரலாம். என் கணிப்பில் அந்த நடை எந்த முகட்டுக்கும் குறைந்ததல்ல.

மலைநோய் பற்றி நேராக. தலைவலியோடு குமட்டலோ தளர்ச்சியோ இருந்தால் அன்று ஏறக் கூடாது. கூடினால் இறங்க வேண்டும். ஒரு காலின் குதிகாலை மறு காலின் விரல்நுனியில் ஒட்டி நேர்கோட்டில் நடக்க முடியவில்லை என்றாலோ, உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, விடியும்வரை காத்திருக்காமல் இறங்க வேண்டும். இந்தப் பள்ளத்தாக்கின் பெரிய நன்மை, இறங்குவதற்கு எந்தக் கணவாயையும் ஏற வேண்டியதில்லை. கியாஞ்சினிலிருந்து இரண்டு மணி நேரத்தில் லாங்டாங் வந்துவிடலாம். டயமாக்ஸ் 125 மில்லிகிராம் காலை மாலை என்பது தடுப்புக்கான வழக்கமான அளவு. சல்ஃபா ஒவ்வாமை உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது. விரல் நுனி மரமரப்பதும் அடிக்கடி சிறுநீர் வருவதும் அந்த மாத்திரையின் இயல்பு. ஆக்ஸிமீட்டர் குளிர்ந்த விரலில் தவறாகக் காட்டும், கையைச் சூடாக்கிவிட்டுப் பாருங்கள். எண்ணைவிட ஆள் எப்படி இருக்கிறார் என்பதே முக்கியம்.

காப்பீடு 5,000 மீட்டருக்கு மேலும் ஹெலிகாப்டர் மீட்பைத் தரும் என்று எழுத்தில் இருக்க வேண்டும். இந்தியப் பயணக் காப்பீடுகள் பலவற்றில் மலையேற்றம் விலக்கப்பட்டிருக்கும். சாதாரணத் தலைவலிக்கே ஹெலிகாப்டரை அழைத்துக் காப்பீட்டுப் பணம் பார்க்கும் மோசடி நேபாளத்தில் நடந்தது, 2018இல் அரசே விசாரித்தது. நடந்து இறங்கக்கூடிய ஒருவரை ஹெலிகாப்டரில் ஏற்றிவிட யாராவது அவசரப்படுத்தினால், காப்பீட்டு நிறுவனத்தை நீங்களே அழைத்துப் பேசுங்கள்.

கோசாய்குண்டத்தைச் சேர்த்த நீண்ட பேக்கேஜும் கிடைக்கும். 4,380 மீட்டரில் உள்ள இந்தச் சிவன் ஏரிக்கு, நமக்கு ஆவணி அவிட்டம் வரும் அதே பௌர்ணமியில், ஜனை பூர்ணிமாவுக்கு, ஆயிரக்கணக்கானோர் ஏறுகிறார்கள். துன்சேயிலிருந்து நேராக ஏறுவது மலைநோய்க்குப் பேர்போன வழி. லாங்டாங்கை முடித்து, துலோ சியாப்ரு வழியாகப் போனால் உடம்பு உயரத்துக்குப் பழகியிருக்கும். நான்கு நாள் கூடுதலாக இருந்தால் இதைத் தாராளமாகச் சேர்க்கலாம்.

இறக்கத்தில்தான் முழங்கால் போகும். கியாஞ்சினிலிருந்து லாமா ஹோட்டலுக்கு ஒரே நாளில் கிட்டத்தட்ட 1,500 மீட்டர் இறக்கம். ஊன்றுகோல் இரண்டு, முதல்நாள் இரவே வெட்டிய கால்நகம், அரை அளவு பெரிய காலணி, இவை மூன்றும் வேண்டும். காத்மாண்டு திரும்பும் நாளிலேயே ஊருக்கு விமானம் போடாதீர்கள். சாலை அடைபட்டால் ஒரு நாள் கையில் இருக்க வேண்டும்.